பிஸ்கட் டின்னில் முப்பத்தேழு வால்வுகள்

புதிதாகக் கராஜுக்குள் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நல்ல மெக்கானிக். அடக்கத்துக்காக அதை மறைக்கப் போவதில்லை. வேறு கராஜில் மூன்று நாள் நோண்டியும் பிடிபடாத கோளாறை, ஒரு கோப்பை பிளேன்டி ஆறுவதற்குள் காதால் கேட்டே சொல்லியிருக்கிறேன். கண்டியிலிருந்து கெட்டம்பேக்குப் போகும் வழியில் எங்கள் கராஜ் இருந்தது. கம்பளையிலிருந்தும் அம்பிட்டியவிலிருந்தும் என்னைத் தேடி வண்டிகள் வரும்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான். ஆனால் வேறு காரணமும் உண்டு. அரைகுறை மெக்கானிக் ஒரு பிழை விட்டால் மறுநாளே வண்டி நடுரோட்டில் நின்று அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். பெயர் எடுத்தவன் விடுகிற பிழையை யாரும் பிழை என்று நினைக்கமாட்டார்கள். என்னுடைய பிழை ஒன்று நான்கு வருடம் ஓடியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் தேயிலைத் தோட்டத்து லொறிகளை ஓட வைத்துக்கொண்டிருந்த ஒரு பாஸ். கண்டிப் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த ஆளை அப்படித்தான் கூப்பிடுவோம். பிற்பாடு என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கொழுந்து மூட்டைகளோடு முதல் கியரில் முக்கி முக்கி மலையேறும் லொறி கொதித்துவிடாமல் இருக்க அவர் இரண்டு காரியம் செய்வார். ஒன்று, என்ஜினுக்குத் தடிப்பான இருபது-ஐம்பது ஒயில் ஊற்றுவார். இரண்டு, தேர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எடுத்துவிடுவார். அந்த வால்வு சின்னஞ்சிறு கதவு மாதிரி. என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும், சூடானதும் திறந்துவிடும். "தொறக்காமப் போனாத்தானே வம்பு? கதவே இல்லேன்னா வம்பும் இல்ல" என்பார் அவர். அந்தப் பழைய லொறிகளுக்கு அது சரியாகவே இருந்தது.

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். லொறி போய் வான் வந்தது, வான் போய் ஜப்பானிலிருந்து குட்டிக் கார்கள் வந்தன. வண்டி மாறியது, நான் மாறவில்லை. மலையில் ஓடும் வண்டி என்றால் இருபது-ஐம்பதுதான். ஒரு தரம் கொதித்தது என்றால் வால்வு வெளியேதான். கழற்றிய வால்வுக்கு வண்டி இலக்கம் எழுதிய துண்டைக் கம்பியால் கட்டி, பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைப்பேன். வண்டிக்காரர் வந்தால் "பார்த்தீங்களா, இதைத்தான் எடுத்தேன்" என்று காட்டுவதற்கு. டின் நிரம்ப நிரம்ப எனக்கு ஒரு சந்தோஷம். வேட்டைக்காரன் மான்கொம்பைச் சுவரில் மாட்டி வைப்பதில்லையா, அந்த மாதிரி.

அம்பிட்டியவில் நில அளவையாளர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர். சர்வேயர் ஐயா என்போம். அவருடைய சின்ன ஜப்பான் கார் ஒரு நாள் அம்பிட்டிய ஏற்றத்தில் கொதித்து, ஆவி கக்கிக்கொண்டு நின்றது. என்னிடம் கொண்டு வந்தார். ரேடியேட்டர் மூடி துருப்பிடித்து, உள்ளே இருந்த ரப்பர் வெடித்திருந்தது. அதை மாற்றினேன். அதோடு நிற்காமல் வால்வையும் கழற்றினேன், இருபது-ஐம்பதும் ஊற்றினேன். அதற்குப் பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. அவர் என்னை நாலு பேரிடம் புகழ்ந்தார்.

சில மாதம் கழித்து சேர்விஸுக்கு வந்தபோது அவருடைய மனைவி முன் ஆசனத்தில் இருந்தபடி கேட்டார்: "பாஸ், இந்த நீல லைற் நூருதே இல்லை. முந்தியெல்லாம் கொஞ்சத் தூரம் போக நூந்திடும். அது பரவாயில்லையோ?"

அணைவதை அவர்கள் நூருவது என்பார்கள். அந்தக் காரில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நீலம் நல்லதும்மா. என்ஜின் குளுகுளுன்னு இருக்குன்னு அர்த்தம். செவப்பு வந்தாத்தான் பயப்படணும்."

அந்த அம்மா தலையாட்டிக்கொண்டார். நான் அந்தக் கேள்வியை அப்போதே மறந்துவிட்டேன்.

பிறகு வந்தது பெற்றோல் இல்லாத காலம். உங்களில் சிலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். பெற்றோல் செட்டுக்கு எரிபொருள் கொண்டுவரும் பவுசர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தால், நாள் கணக்கில் வரிசையில் கிடந்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம். அதுவரை "வண்டி நல்லா இழுக்குதா" என்று கேட்டவர்கள் எல்லாம் "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெற்றோல் குழாயில் காந்தம் கட்டினால் மிச்சம் பிடிக்கும் என்று ஒருவன் விற்றுக்கொண்டு வந்தான். தாங்கியில் ஊற்றும் மருந்துப் போத்தலை இன்னொருவன் விற்றான். எங்கள் முதலாளி ஹாஜியார்கூட அதில் ஒரு பெட்டி வாங்கி அலுமாரியில் அடுக்கிவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் புதுச் சாமானைக் கண்டால் கை நிற்காது.

அந்த நாட்களில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் சர்வேயர் ஐயாவின் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. அம்மா பின் ஆசனத்தில் சாய்ந்து படுத்திருந்தார். முகம் ஊதி, கால் வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை.

"இவவுக்குச் சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யேல்லை பாஸ்" என்றார் ஐயா. "கிழமையிலை ரெண்டு தரம் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும், மெசினிலை ரத்தம் சுத்தம் செய்ய. போன கிழமை பெற்றோல் முடிஞ்சு ஒரு தரம் போகேல்லை. இரவிரவா மூச்சு எடுக்க ஏலாமல் கிடந்தா. இண்டைக்கு டொக்டர் சொல்லிப்போட்டார், இனி ஒரு தரமும் விடக்கூடாதெண்டு."

ஓட்டோக்காரர்கள் எல்லாம் வரிசையில் கிடந்தார்கள். பஸ்ஸில் அந்த அம்மாவை ஏற்ற முடியாது. பக்கத்து வீட்டாரின் வண்டிகளும் சும்மாதான் நின்றன. தாங்கியில் இருந்தது ஏறக்குறைய பத்து லீற்றர்.

"இது ரெண்டு கிழமைக்குத்தான் காணும். பவுசர் மூண்டு கிழமைக்கு வராது எண்டு கதைக்கினம். எப்பிடியாவது மூண்டு கிழமைக்கு இழுக்கச் செய்து தாங்கோ. உங்களை விட்டால் எனக்கு வேறை ஆள் இல்லை."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றுவீர்கள். நான் அதைச் செய்யவில்லை. டயர்களில் காற்றுக் குறைவு, அடித்தேன். காற்று வடிகட்டியில் தூசு, தட்டினேன். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், பிரேக் எங்கும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இதெல்லாம் சில்லறை. மூன்றில் ஒரு பங்கு பெற்றோல் மிச்சம் பிடிக்க இது போதாது. பெரிய ஓட்டை எப்போது விழுந்தது என்று தெரிந்தால்தான் எங்கே விழுந்தது என்று தெரியும்.

"ஐயா, முந்தி லீற்றருக்கு எவ்வளவு ஓடுச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? எழுதி வைச்சிருக்கிறன்" என்று காரின் சின்ன அறையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். நிலம் அளந்த கை அல்லவா! கார் வாங்கிய நாளிலிருந்து எப்போது பெற்றோல் அடித்தார், எவ்வளவு தூரம் ஓடியது என்று மணிமணியான எழுத்தில் ஒரு வரி தவறாமல் இருந்தது. நான் பின்னாலிருந்து முன்னுக்குப் புரட்டினேன். லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர், பன்னிரண்டு, பதினொன்று. ஒரு பக்கம், ஐந்து பக்கம், பத்துப் பக்கம். திடீரென்று ஓர் இடத்தில் பதினாறு. அதற்கு முன்னால் எல்லாம் பதினைந்து, பதினாறு.

பதினாறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு வரி: "கண்டி கராஜ். ரேடியேட்டர் மூடி, வால்வு, ஒயில்."

என் வேலை. என் கை.

பின் ஆசனத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கண்ணை மூடியபடியே பேசினார்: "ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் அந்த நீல லைற்றைப் பாத்துக்கொண்டுதான் போறனான் பாஸ். போகேக்க ஒரு நாளும் நூந்ததை நான் காணேல்லை. திரும்பி வரேக்க ஏத்தத்திலை மட்டும் ஒருக்கா நூரும்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பார்த்துட்டுச் சொல்றேங்க ஐயா, சனிக்கிழமை நானே வீட்டுக்கு வர்றேன். நீங்க பெற்றோலைச் செலவழிச்சு வராதீங்க" என்று அனுப்பிவிட்டேன். பெற்றோல் மிச்சம் என்பது நல்ல சாட்டு. உண்மையில் எனக்குப் பயம்.

அவர்கள் போனதும் பிஸ்கட் டின்னை எடுத்துக் கவிழ்த்தேன். முப்பத்தேழு வால்வுகள். அந்தக் காரின் இலக்கம் எழுதிய துண்டைத் தேடிப் பிடித்தேன். அது கெட்ட வால்வு என்று ஒருதரம் கண்ணால் கண்டுவிட்டால் மனம் ஆறும். அந்தக் காலத்தில் கேஸும் கிடையாது, கரண்டும் வெட்டு. உதிரிப்பாகம் வந்த பலகைப் பெட்டியை உடைத்து அடுப்பு மூட்டி, பிளேன்டிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியில் வால்வைப் போட்டேன். ஹாஜியாரும் வந்து பக்கத்தில் குந்தினார்.

தண்ணீர் சூடேறி ஓரங்களில் குமிழ் விட்டது. வால்வு அசையவில்லை. எனக்குள் ஒரு நப்பாசை. இன்னும் கொஞ்சம் சூடேறியது. அப்போது அந்தக் குட்டிக் கதவு மெல்ல, மிக மெல்ல, சீராகத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டேன், அழகாக மூடிக்கொண்டது. திரும்பப் போட்டேன், திரும்பத் திறந்தது. நான்கு வருடம் டின்னுக்குள் கிடந்தும் அதன் புத்தி மாறவில்லை.

அப்படியென்றால் அன்றைக்கு வண்டி கொதித்தது மூடி கெட்டுப்போய்த்தான். நோயைத் தீர்த்தது புது மூடி, பெயரைத் தட்டிக்கொண்டு போனது நான். நல்ல வால்வைப் பிடுங்கிவிட்டதால் என்ஜின் ஒரு நாளும் பதமான சூட்டுக்கு வரவில்லை. குளிர்ந்த என்ஜின் பெற்றோலை அள்ளி அள்ளிக் குடிக்கும். அதற்குள் நான் தடிப்பான ஒயிலையும் ஊற்றி வைத்திருந்தேன். அல்வாவைப்போல் இறுகி ஆறிப்போன தொதல் சட்டிக்குள் கரண்டியை விட்டுக் கிண்டுவது மாதிரி அந்தச் சின்ன என்ஜின் நான்கு வருடம் கிண்டியிருக்கிறது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க பாஸ்?" என்றார் ஹாஜியார்.

"மாட்டணும். மாட்டுறதுக்கு முந்தி சொல்லணும்."

"என்னத்துக்குச் சொல்லோணும்? மனுசன் ஏற்கனவே நொந்து போய் ஈக்கிறாரு. வால்வைப் போட்டு, நல்ல ஒயில ஊத்தி, வண்டியக் குடுங்க. பெற்றோல் மிச்சமாகினா அவருக்குச் சந்தோசம், ஒங்களுக்கும் நல்ல பேரு. வேணுமெண்டா இந்தப் போத்தல் ஒண்டையும் ஊத்தி விடுங்க, அதால எண்டு நெனப்பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. யாருக்கும் நட்டமில்லாத யோசனை. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. வால்வு சட்டியில் திறந்தது உண்மை. ஏற்றத்திலும் திறக்குமா? ஓட்டிப் பார்க்கப் பெற்றோல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பயணம்தான் சோதனை ஓட்டம். திரும்பி வரும்போது அம்பிட்டிய ஏற்றத்தில் வண்டி கொதித்தால், சோர்ந்து கிடக்கும் அந்த அம்மாவோடு நடுவழியில் நிற்பவர் சர்வேயர் ஐயா. அந்த ஆபத்தை எடுக்கும் துணிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்றால் நடந்தது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் அவரை ஏற்றி அனுப்ப எனக்கு என்ன உரிமை?

வெள்ளிக்கிழமை ஒயில் தேடினேன். அந்தக் கார் என்ஜினில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன ஒயில் என்று மூடியின் மேலேயே பொறித்திருப்பார்கள்: சைபர்-இருபது. நான் அந்த மூடியை எத்தனை தரம் திருகியிருப்பேன்! எழுத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே திருகியிருக்கிறேன். முன்னால் நிற்கும் எண், குளிரில் ஒயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதைச் சொல்கிறது. சிறிய எண் என்றால் லேசு. பின்னால் நிற்பது, சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பது. இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொண்டே நான் மூடியைப் படிக்கவில்லை.

கண்டியில் அந்த ஒயில் கிடைக்கவில்லை. கம்பளையில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள், ரயில் ஏறிப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் இருபது-ஐம்பது டின் ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டார்.

"அது வேணாங்க. சைபர்-இருபது குடுங்க."

"யாருக்கு பாஸ்? ஒங்களுக்கா? தண்ணி மாதிரி ஒயில் ஊத்துறவன் மெக்கானிக்கே இல்லன்னு இந்த எடத்துல நின்னுதானே போன வருசம் சத்தம் போட்டீங்க?"

"போன வருசம் சொன்னவனைப் போன வருசத்தோட விடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் சிரித்த சிரிப்பு ரயில் நிலையம்வரை காதில் கேட்டது.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எல்லா வண்டிக்கும் லேசான ஒயிலை ஊற்றிக்கொண்டு திரியாதீர்கள். அது என் பிழையைத் தலைகீழாகச் செய்வது. சர்வேயர் ஐயாவின் கார் ஒயில் குடிப்பதில்லை. ஒரு சேர்விஸுக்கும் மறு சேர்விஸுக்கும் இடையே அளவுகோலில் மட்டம் இறங்குவதில்லை, புகையும் இல்லை. என்ஜின் தேயவில்லை என்று தெரிந்ததால்தான் மூடியில் எழுதியதற்குத் துணிந்து திரும்பினேன். புகை கக்கும் பழைய வான் ஒன்று வந்தால் இன்றைக்கும் இருபது-ஐம்பதுதான் ஊற்றுவேன், யார் வந்து கேட்டாலும்.

சனிக்கிழமை காலை வால்வு, ஒயில், சாவிகள் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் ஐயா கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு கதை பேசிவிடுவேன் என்று தெரியும். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு நல்லது என்பதையும், மூடிதான் கெட்டது என்பதையும், ஒயில் பிழை என்பதையும், வியாழக்கிழமையே தெரிந்தும் சொல்லாமல் அனுப்பியதையும்.

அதுவரை என்னை "நீங்கள்" என்றே பேசி வந்த மனிதர் எழுந்து நின்றார்.

"நாலு வருசமா? எங்கட பெற்றோலை நாலு வருசமா நீர் குடிச்சிருக்கிறீர். போன கிழமை இவ மூச்சுக்குத் துடிச்சது உமக்குத் தெரியுமோ? நான் பக்கத்திலை இருந்து பாத்தனான்!"

தொழிலில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அம்மா உள்ளே கட்டிலில் இருந்தவர், கதவு வழியாக எங்களைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "நான் அப்பவே கேட்டனான்."

ஐயாவின் ஏச்சு அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு சொட்டுக் கோபம் இல்லாமல் சொன்னார். கார் ஓட்டத் தெரியாதவர், என்ஜினைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். முப்பது வருடத் தொழில்காரன் காணாததை அவர் பக்கத்து ஆசனத்தில் இருந்து கண்டார், கேட்டார். நான் சிரித்து அனுப்பினேன்.

ஐயா நான் கொண்டுவந்த வால்வை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதைத் திரும்பப் பூட்டினால் ஏத்தத்திலை கொதியாது எண்டு நீர் எழுதித் தருவீரோ?"

"எழுதித் தர முடியாதுங்க ஐயா. கொதிக்காதுன்னு நம்புறேன். திங்கக்கிழமை நானும் வண்டியில வர்றேன், தண்ணிக் கேனோட. நின்னா என் கண்ணு முன்னாலதான் நிக்கணும், நான் இல்லாதப்ப நிக்கக்கூடாது."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். "பூட்டும்" என்றார் ஐயா.

பூட்டினேன். ரேடியேட்டர் தண்ணீரில் இருந்த காற்றை எடுக்க என்ஜினைச் சிறிது நேரம் ஓட விட்டோம். அந்தச் சிறிது நேரத்துக்கே அவர் கையைத் திருப்பித் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அம்மா பிடிவாதமாக முன் ஆசனத்தில் ஏறினார். நான் பின்னால், மடியில் தண்ணீர்க் கேனோடு. இறக்கம் தொடங்கியதும் ஐயா பழக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். மலைநாட்டில் பெற்றோல் மிச்சம் பிடிக்க எல்லோரும் செய்வதுதான்.

"கியர்லயே எறக்குங்க ஐயா. இந்த மாதிரி வண்டியில காலை எடுத்தா பெற்றோல் தானா நின்னுடும். நியூட்ரல்ல விட்டாத்தான் சும்மா ஓடிக் குடிக்கும். பிரேக்கும் சூடாகும்."

என்னை நம்புவதா வேண்டாமா என்று கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். இறக்கம் முடிந்தது, எரிந்தது. கண்டிக் குளக்கரைக்கு வந்தோம், எரிந்தது. குளத்தின் பாதியைத் தாண்டியிருப்போம்.

"நூந்திட்டுது" என்றார் அம்மா.

ஐயா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "நிப்பாட்டாதேங்கோ, பெற்றோல் போகும்" என்று அம்மா அதட்டினார். அந்த ஒரு அதட்டலில் அவருக்குப் பழைய தெம்பு வந்த மாதிரி இருந்தது.

ஆனால் பாதிதான் முடிந்திருந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஏற்றத்தில் பெற்றோல் வரிசை ரோட்டின் பாதியை அடைத்திருந்தது. மீதிப் பாதியில் மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் மாறி மாறி நகர வேண்டும். வெயில் வேறு. முதல் கியரில் நின்று நின்று ஏறினோம். வண்டி கொதிப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி இடம். அம்மா களைத்துத் தூங்கிவிட்டார். ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கியது. நான் கேனின் மூடியை அரைவாசி திருகி வைத்துக்கொண்டேன். விசிறி நின்றது. திரும்பச் சுற்றியது, திரும்ப நின்றது. சிவப்பு விளக்கு வரவில்லை. வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்தியபோது என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அம்மா கண் விழித்து முதலில் பார்த்தது விளக்குகளைத்தான். "நீலமும் இல்லை, சிவப்பும் இல்லையே?"

"ரெண்டும் இல்லாததுதாம்மா சரி" என்றேன். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

பவுசர் ஊர்க்கதையில் சொன்ன மாதிரியே மூன்றாவது கிழமை முடிந்துதான் வந்தது. அதற்குள் ஆஸ்பத்திரிப் பயணம் ஒரு தரமும் தவறவில்லை. பெற்றோல் அடித்துக்கொண்டு வரும் வழியில் ஐயா கராஜுக்கு வந்து கொப்பியைத் திறந்து காட்டினார். பதினைந்து. சிவப்பு மையால் கோடு வேறு போட்டிருந்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார்:

"அந்தத் தகர டின்னிலை இன்னும் எத்தினை கிடக்கு?"

"முப்பத்தாறு ஐயா."

"அதுகளிலை எத்தினை பேருக்குச் சொன்னனீர்?"

ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த மூன்று கிழமையும் நான் செய்த நல்ல காரியத்தை நினைத்து நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். டின் பக்கம் கண் போகவே இல்லை. அவர் போனதும் டின்னை மேசையில் கொட்டி, துண்டுகளைப் பார்த்துப் பழைய சேர்விஸ் புத்தகத்தில் தொலைபேசி இலக்கங்களைத் தேடினேன். ஹாஜியார் தன் தொலைபேசியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

முதலில் எடுத்தவர் கம்பளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒரு வான்காரர். பெற்றோல் இல்லாமல் ஒரு மாதமாக வண்டியை மூடி வைத்திருந்தார்.

"ஒங்க வண்டியில நீல லைட் அணையுதாங்க?" என்று கேட்டேன்.

"அது எங்க பாஸ் அணையும்? நாலஞ்சு வருசமா எரிஞ்சுக்கிட்டேதான் கெடக்கு. நீங்கதானே நீலம் நல்லதுன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அன்றைக்கு ஒன்பது பேரிடம் பேசினேன். ஒன்பது பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும், நான் சொன்னது பிழை, வண்டியைக் கொண்டு வாங்க, கழற்றியதை மாட்டித் தருகிறேன் என்றேன். கேட்டுவிட்டு ஐந்து பேர் என்னை ஏசினார்கள். நான்கு பேர் நான் பிழை விட்டேன் என்பதையே நம்பவில்லை.